வடக்கே யாரைக் கேட்டார்கள்?

கப்பல் நிற்க இடமில்லாத கரையாகப் பார்த்துத்தான் கிழக்கிந்தியக் கம்பெனி 1639-ல் மதராசில் கடை விரித்தது. அடுத்த இரண்டு நூற்றாண்டுக்கு மேல் கப்பல்கள் அலை உடையும் இடத்துக்கு அப்பால் நங்கூரம் போட்டுக் காத்துக் கிடந்தன. சரக்கும் ஆட்களும் கரை சேர்ந்தது மசூலாப் படகில். பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த படகு அது, ஆணி கிடையாது. அலை மோதினால் உடையாமல் வளைந்துகொடுக்கும். தவறி விழுந்தவர்களைத் தூக்கக் கட்டுமரங்கள் கூடவே வரும்.

கடலுக்குள் ஒரு பாலம் கட்டிச் சரக்கை இறக்கலாம் என்ற யோசனையை 1770 வாக்கில், மதராஸ் கவுன்சிலில் இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் சொன்னதாகத் துறைமுக வரலாறு குறிப்பிடுகிறது. இரும்புப் பாலம் கட்டி முடிந்தது 1861-ல். கோப்பு நகரும் வேகத்துக்குத் தொண்ணூறு வருடம் பெரிதில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

அதற்குள் துறைமுகம் கேட்பவர்களின் குரல் ஓங்கியிருந்தது. 1836-ல் மதராஸ் வர்த்தக சபை தொடங்கியாயிற்று. 1856-ல் ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓட ஆரம்பித்தது. உள்நாட்டுச் சரக்கு ரயிலில் கடற்கரைக்கு வந்து, அங்கே படகுக்காரர் தயவுக்கும் அலையின் தயவுக்கும் காத்திருந்தது. சரக்கு நனையக்கூடாது, புயலில் கப்பல் போகக்கூடாது, நாள் வீணாகக்கூடாது என்பதுதான் வணிகர்களின் பட்டியல்.

இன்று சில இடங்களில் திட்டம் வரையுமுன் பயனாளிகளிடம் போய், எது கட்டாயம், எது இல்லாவிட்டாலும் ஓடும் என்று விசாரித்து எழுதுவதற்கென்றே தேவைப் பகுப்பாய்வாளர் என்று ஒருவரை நியமிக்கிறார்கள். மதராஸ் துறைமுகத்தில் அந்த வேலை பதவிப் பெயர் இல்லாமலே நடந்தது. மனு, கமிட்டி, ஆலோசனைப் பொறியாளரின் அறிக்கை என்று காகிதம் குவிந்தது. குவிந்த காகிதத்தில் கப்பல்காரருக்கும் வணிகருக்கும் இடமிருந்தது. துறைமுகத்துக்கு வடக்கே குடியிருந்தவர்களுக்கு இல்லை.

கராச்சியில் அலைத்தடுப்புச் சுவர் கட்டிப் பெயர் வாங்கிய வில்லியம் பார்க்ஸ் இங்கேயும் வரைபடம் போட்டார். கரையிலிருந்து கடலுக்குள் நீளும் இரண்டு சுவர்கள், நடுவே கிழக்கு பார்த்த வாசல். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பர் புயல் சுவர்களின் முனைகளைப் பெயர்த்து எறிந்தது. கிழக்கு வாசலே இருக்கட்டுமா, வடகிழக்குக்கு மாற்றலாமா என்ற வழக்கு அதற்குப் பிறகு வருடக்கணக்கில் நடந்தது. கிழக்கு வாசலே நிலைத்தது.

புயல் ஒரு நாள் சமாசாரம். மணல் அப்படியல்ல. தென்மேற்குப் பருவத்தில் தெற்கிலிருந்து வடக்கே போகும் நீரோட்டத்தை இந்தக் கரை மீனவர்கள் தெண்டி என்பார்கள். வடக்கிலிருந்து தெற்கே வருவது வன்னி. தெண்டியின் கைதான் ஓங்கியது. அது சுமந்துவரும் மணல் வருடத்துக்கு லட்சக்கணக்கான டன். அன்றைய பொறியாளர்கள் மணலைப் பற்றிப் பேசாமல் இல்லை. ஆனால் அவர்கள் கவலை, அது வாசலுக்கு எப்போது வந்து சேரும் என்பது. வடக்குக் கரைக்குப் போக வேண்டிய மணல் தெற்கே நின்றுபோனால் அந்தக் கரை எதைத் தின்று வாழும் என்ற கேள்வி கணக்கில் ஏறவே இல்லை.

தெற்கே சேர்ந்த மணல்தான் மெரினாவை அகலமாக்கியது. 1880-களில் கவர்னர் கிராண்ட் டஃப் அங்கே உலாவும் சாலை போட்டார். காற்று வாங்கப் போனவர்கள் யாரும் அந்த மணல் எந்தக் கரையின் பங்கு என்று விசாரித்திருக்க மாட்டார்கள்.

1904-ல் துறைமுகத்தின் தலைமைக்கு வந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்குக்கு, பட்டியலைத் திரும்ப எழுதியவர் என்ற பெருமை உண்டு. ரயில்வேப் பொறியாளர், ஆறுகளைக் கரைக்குள் அடக்குவது பற்றிப் புத்தகமே எழுதியவர். ஓடும் நீரும் அது இழுத்துவரும் மண்ணும் அவருக்குப் பழைய பகையாளிகள். கிழக்கு வாசலை அடைத்து, வடகிழக்கில் புது வாசல் திறக்க வைத்தார். 1911-ல் அது முடிந்தது. மதராஸ் துறைமுகத்தருகே கரை மணல் பயணிப்பதைப் பற்றி அவர் எழுதிய ஆய்வுரையை லண்டன் சிவில் பொறியாளர் கழகம் வெளியிட்டது. அதே நாட்களில் அவருடைய அலுவலகக் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாக உட்கார்ந்திருந்தவர் ஸ்ரீனிவாச ராமானுஜன், 1912 மார்ச் முதல் தேதி வேலையில் சேர்ந்தவர். எண்களின் போக்கு தெரிந்த ஒருவரும் மணலின் போக்கு தெரிந்த ஒருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தது மதராசுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம்.

ஸ்பிரிங் வாசலைக் காப்பாற்றினார். ராயபுரத்தைக் காப்பாற்றுவது அவர் பொறுப்பில் இல்லை. துறைமுகத்துக்கு வடக்கே கரை வருடா வருடம் பின்வாங்கியது. நூறு வருடத்தில் சில நூறு மீட்டர் நிலம் கடலோடு போயிற்று. கல் கொட்டினார்கள். கல் கொட்டிய இடம் நின்றது, அதற்கு வடக்கே அரிக்கத் தொடங்கியது. மறுபடி அங்கே கல். காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வரை கடலோரச் சாலையில் போகிறவர்கள் இன்று பார்ப்பது கரையை அல்ல, கருங்கல் அடுக்கை. 2004 வாக்கில் சென்னை ஐ.ஐ.டி. கடல்சார் பொறியியல் துறையின் வடிவமைப்பில் ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் இடையே, கடலுக்குள் நீளும் கல் சுவர்களான தூண்டில் வளைவுகள் 10 போடப்பட்டன. இரண்டு வளைவுக்கு நடுவே மணல் தங்கியது உண்மை. கடைசி வளைவுக்கு அப்பால் இருப்பவர்கள் வழக்கம்போல அடுத்த மனுவை எழுதினார்கள்.

மணலோடு கரியும் சேர்ந்துகொண்டது. 1970-களுக்குப் பிறகு சென்னைத் துறைமுகத்தில் இரும்புத் தாதுவும் நிலக்கரியும் குவிந்தன. ராயபுரத்து மாடிகளில் உலர்த்திய துணி கறுத்தது. வட சென்னை அனல்மின் நிலையத்துக்கு வேண்டிய நிலக்கரியை வேறெங்காவது இறக்கியாக வேண்டும் என்பதுதான் எண்ணூர்த் துறைமுகத்தின் பிறப்புச் சான்றிதழ். முதலில் கேட்டது இரண்டே இரண்டு நிலக்கரித் தளம். 1999-ல் பெரிய துறைமுகமாக அறிவித்து, அந்த வருடமே கம்பெனியாகவும் பதிவு செய்தார்கள். 2001 பிப்ரவரியில் பிரதமர் வாஜ்பாய் நாட்டுக்கு அர்ப்பணித்தார். நாட்டின் 12-வது பெரிய துறைமுகம், கம்பெனிச் சட்டத்தின் கீழ் இயங்கிய முதலாவது. 2014-ல் காமராஜர் பெயர் சூட்டப்பட்டது. எண்ணூர்த் துறைமுகம் வந்த பிறகும் ராயபுரம் வாசிகள் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது: 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகே, அந்த ஆண்டு அக்டோபரிலிருந்து சென்னைத் துறைமுகத்தில் தாதுவையும் நிலக்கரியையும் கையாள்வது நின்றது.

எண்ணூர் விஷயத்தில் ஒன்று மட்டும் முன்கூட்டியே யோசிக்கப்பட்டது. தூர்வாரிய மணலில் சுமார் 35 லட்சம் கன மீட்டரைக் கரையோரமாகவே கொட்டினார்கள், அரிப்பு உடனே தொடங்காமல் இருக்க. மதராஸ் பாடம் கோப்பில் ஏறியிருந்தது என்பதற்கு அது சாட்சி. ஆனால் கடல் வருடா வருடம் தின்னும். கொட்டுவது ஒரு தடவை.

இப்போது கேட்பது சட்டப்படி கட்டாயம். சுற்றுச்சூழல் விதிகளின் 1997 திருத்தத்துக்குப் பிறகு பெரிய திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தியாக வேண்டும். வரைபடம், மதிப்பீடு, சுற்றுச்சூழல் அறிக்கை எல்லாம் தயாரான பிறகு கூடுவதால் அது தேவையைக் கேட்கும் கூட்டமாக இல்லாமல் ஆட்சேபத்தைப் பதிவுசெய்யும் கூட்டமாகிவிடுகிறது. எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கான கூட்டம் 2023 செப்டம்பர் 5-ல் நடப்பதாக இருந்து தள்ளிவைக்கப்பட்டது. அதற்கும் வடக்கே உள்ள பழவேற்காடு மீனவர்களின் எதிர்ப்பில் முக்கியமானது கடல் அரிப்பு.