‘தெரியாது’ என்று சொன்ன இமாம்



நமது பிள்ளைகள் பரீட்சைக்காக இமாம் மாலிக் (ரஹ்) அவர்களைப் பற்றிப் பெரும்பாலும் மூன்று விடயங்களைத்தான் மனனம் செய்கிறார்கள். ஹிஜ்ரி 93இல் மதீனாவில் பிறந்தார். முவத்தா எழுதினார். ஹிஜ்ரி 179இல் வபாத்தானார். புள்ளி கிடைத்துவிடும். ஆனால் அந்த மஜ்லிஸில் நடந்த ஒரு சம்பவத்தைப் பிள்ளைகளை விடப் பெரியவர்களாகிய நாம்தான் இன்று படிக்க வேண்டியிருக்கிறது. பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

ஒரு மனிதர் ஆறு மாதம் பிரயாணம் செய்து மதீனாவுக்கு வருகிறார். அவருடைய ஊர் மக்கள் ஒரு மார்க்கக் கேள்வியைக் கொடுத்து, இமாம் மாலிக்கிடம் கேட்டு வா என்று அனுப்பியிருக்கிறார்கள். இமாம் கேள்வியைக் கேட்டுவிட்டு, இது எனக்குச் சரியாகத் தெரியாது என்கிறார். வந்தவர் திகைத்துப் போகிறார். ஊருக்குத் திரும்பிப் போய் என்ன சொல்வேன் என்று கேட்கிறார். மாலிக்குக்குத் தெரியவில்லை என்று போய்ச் சொல் என்பதுதான் பதில். இதை அறிவிப்பவர் இமாமின் மாணவரும் ஹதீஸ் துறையின் பெரிய புள்ளியுமான அப்துர் ரஹ்மான் இப்னு மஹ்தீ.

இது ஒரு நாள் சம்பவம் அல்ல. ஹைஸம் இப்னு ஜமீல் என்பவர் இமாமின் சபையில் இருந்தபோது 48 கேள்விகள் கேட்கப்பட்டன. அவற்றில் 32க்கு ‘தெரியாது’ என்றே சொன்னார்கள். அப்படியென்றால் பதில் கிடைத்தது 16க்கு மட்டும். இன்று ஒரு மௌலவி பள்ளிவாசலில் அமர்ந்து மூன்றில் இரண்டு கேள்விக்குத் தெரியாது என்று சொன்னால், அடுத்த கிழமை நிர்வாக சபைக் கூட்டத்தில் அவருடைய வேலையைப் பற்றித்தான் பேசுவோம். இது மௌலவிமாரின் குறை மட்டும் அல்ல. கேட்கிற நமக்கும் உடனே ஒரு பதில் வேண்டும்.

ஒருமுறை யாரோ ஒருவர், இது இலேசான கேள்விதானே என்று சொல்லிவிட்டார். இமாமுக்குக் கோபம் வந்துவிட்டது. இல்மில் இலேசானது என்று எதுவும் கிடையாது என்று சொல்லி, அல்லாஹ் தன் வார்த்தையைக் கனமான வார்த்தை என்று அழைப்பதை நினைவூட்டினார்கள். பத்வா கொடுப்பது என்பது ‘எனக்கு இப்படித் தோன்றுகிறது’ என்பது அல்ல, ‘அல்லாஹ் இதை ஆகுமாக்கினான், இதைத் தடுத்தான்’ என்பது. அந்தக் கனம் தெரிந்தவருக்கு நாக்கு தானாகத் தடுமாறும்.

ஸஹாபாக்களிடம் இருந்து வந்த பழக்கம் இது. தாபிஈன்களில் ஒருவரான அப்துர் ரஹ்மான் இப்னு அபீ லைலா, அன்ஸார்களில் 120 ஸஹாபிகளைச் சந்தித்ததாகச் சொல்கிறார். ஒருவரிடம் கேள்வி கேட்டால் அவர் மற்றவரிடம் அனுப்புவார், அவர் இன்னொருவரிடம். கடைசியில் கேள்வி முதலாமவரிடமே திரும்பி வந்துவிடுமாம். கூபாவின் இமாம் ஷஅபீயும் ஒரு கேள்விக்குத் தெரியாது என்றார்கள். ஈராக்கின் பெரிய பகீஹ் இப்படிச் சொல்ல வெட்கமில்லையா என்று கேட்டார்கள். மலக்குகளே, நீ கற்றுத் தந்ததைத் தவிர எங்களுக்கு அறிவில்லை என்று அல்லாஹ்விடம் சொல்ல வெட்கப்படவில்லையே என்றார்கள் ஷஅபீ.

அதே காலத்தில் வேறு வகை ஆட்களும் இருந்தார்கள். இமாம் மாலிக் மதீனாவில் உயிரோடு இருந்தபோதே பக்தாதின் அரண்மனையில் நடந்தது இது. கலீபா மஹ்தீக்குப் புறாப் பந்தயம் என்றால் உயிர். கியாஸ் இப்னு இப்ராஹீம் என்பவர் அவரிடம் வந்தபோது புறாக்கள் பக்கத்தில் இருந்தன. அம்பு, ஒட்டகம், குதிரை ஆகியவற்றில் பந்தயம் வைப்பது பற்றிய ஹதீஸ் ஒன்று உண்டு. கியாஸ் அதைச் சொல்லிவிட்டு, கலீபாவின் மனம் குளிர, சிறகுள்ளவற்றையும் சேர்த்துவிட்டார். ஒரேயொரு சொல்தான் கூடியது. பத்தாயிரம் திர்ஹம் கிடைத்தது. அவர் எழுந்து போகும்போது கலீபா அவருடைய பிடரியைப் பார்த்து, இது பொய்யனின் பிடரி என்றாராம். பிறகு, என்னால்தானே இந்தப் பொய் சொல்லப்பட்டது என்று புறாக்களை அறுக்கச் சொல்லிவிட்டார். (புறாக்கள் என்ன பாவம் செய்தன என்று நாமும் கேட்கலாம். பொய் சொன்னவர் பணத்தோடு வீட்டுக்குப் போனார்!)

கியாஸாவது காசுக்காகச் சொன்னார். மர்வ் நகரத்து நூஹ் இப்னு அபீ மர்யமின் கதை இன்னும் பயங்கரமானது. அவர் படிக்காதவர் அல்ல, அந்த நகரத்தின் காழி. பல துறைகளைக் கற்றதால் ‘ஜாமிஃ’ என்று பட்டமே இருந்தது. குர்ஆனின் சூராக்கள் ஒவ்வொன்றின் சிறப்பைப் பற்றியும் அவர் ஹதீஸ்கள் சொல்லிக்கொண்டிருந்தார். இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களின் மாணவர் இக்ரிமாவிடமிருந்து வந்ததாக இவற்றைச் சொல்கிறீரே, இக்ரிமாவின் மற்ற மாணவர்களிடம் இது இல்லையே, உமக்கு எங்கிருந்து கிடைத்தது என்று ஒருவர் கேட்டார். மக்கள் குர்ஆனை விட்டுவிட்டு அபூ ஹனீபாவின் பிக்ஹிலும் இப்னு இஸ்ஹாக்கின் யுத்த வரலாற்றிலும் மூழ்கிக் கிடந்தார்கள், ஆகவே நன்மையை நாடி நானே உண்டாக்கினேன் என்று ஒப்புக்கொண்டார். இமாம் இப்னு ஹிப்பான் பின்னர் அவரைப் பற்றி எழுதும்போது, எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டவர், உண்மையை மட்டும் சேர்க்கவில்லை என்றார்கள்.

நன்மையை நாடிச் சொன்ன பொய்! நமது வட்ஸ்அப் குழுக்களில் இன்றும் சுற்றுவது பெரும்பாலும் இந்த வகைதான். இந்த துஆவை இத்தனை தடவை ஓதினால் இது கிடைக்கும், பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் இது நடக்கும். அனுப்புகிறவர் கெட்டவர் அல்ல, நல்லதுதானே என்று அனுப்புகிறார். தன் பெயரால் வேண்டுமென்றே பொய் சொல்பவனுக்கு நரகம் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தபோது, நல்ல நோக்கத்துக்கு என்று விதிவிலக்கு ஒன்றும் வைக்கவில்லை.

நூஹை மாட்டவைத்தது ‘எங்கிருந்து கிடைத்தது?’ என்ற கேள்வி. அந்தக் கேள்விதான் இந்த உம்மத்தின் ஹதீஸ் கலை முழுவதுக்கும் அடிப்படை. அதைக் கேட்காமல் விட்டால் அல்லது கேட்டவர்களை ஒதுக்கிவிட்டால் என்ன நடக்கும் என்பது நமக்கு நன்றாகவே தெரியும். 2019 ஏப்ரல் 21 அன்று 250க்கும் மேற்பட்ட அப்பாவி உயிர்கள் போயின. அதற்குத் தலைமை தாங்கியவன் மேடையேறி அல்லாஹ்வின் பெயரால் பேசிப் பழகியவன். முதலில் கூட்டம் கூடியது, பிறகு வீடியோ, பிறகு ஆட்கள். நமது சமூகத்திலேயே அவனை எதிர்த்தவர்கள் இருந்தார்கள், அதிகாரிகளிடம் முறையிட்டவர்களும் இருந்தார்கள். அந்தக் குரல்கள் எடுபடவில்லை. செத்தவர்களின் குடும்பங்கள் இன்றும் அழுகின்றன. நமது பிள்ளைகளும் பர்தா அணிந்த பெண்களும் அந்த வருடம் பஸ்ஸில் ஏறவே பயந்த காலத்தை நாம் மறக்கவில்லை.

அப்படியென்றால் ஆலிம்கள் வாய் திறக்காமல் இருப்பதுதான் பணிவா? இமாம் மாலிக்கின் முதுகு இதற்குப் பதில் சொல்லும்.

ஹிஜ்ரி 145இல் மதீனாவில் முஹம்மத் நப்ஸுஸ் ஸகிய்யா அப்பாஸிய ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்து கொல்லப்பட்டார். அந்தக் காலத்தில் மக்களிடம் பைஅத் வாங்கும்போது, இதை முறித்தால் என் மனைவி தலாக் என்று சத்தியம் செய்ய வைப்பது வழக்கம். இமாமோ, நிர்ப்பந்திக்கப்பட்டவனின் தலாக் செல்லாது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கேட்பதற்குக் குடும்பச் சட்டம் போல இருக்கும். ஆனால் தலாக் செல்லாது என்றால் வற்புறுத்தி வாங்கிய பைஅத்தும் செல்லாது என்று ஆகிவிடும் அல்லவா? புதிதாக வந்த ஆளுநர் ஜஃபர் இப்னு ஸுலைமானிடம் கோள் சொன்னார்கள். அவர் இமாமைப் பிடித்துக் கசையால் அடிக்கச் செய்தார். கையைப் பிடித்து இழுத்ததில் தோள் மூட்டு விலகிவிட்டது. தெருவில் கொண்டு செல்லப்பட்டபோதும், என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், நான் மாலிக் இப்னு அனஸ், நிர்ப்பந்தத் தலாக் ஒன்றுமில்லை என்று உரக்கச் சொன்னதாக வரலாற்றில் வருகிறது.

32 கேள்விக்குத் தெரியாது என்ற அதே வாய்தான் இது. தெரிந்த ஒன்றை விட்டுக்கொடுக்கவில்லை. அடித்த ஆளுநர் நபிகளாரின் குடும்பத்து உறவினர் என்பதற்காக அவரை மன்னித்துவிட்டதாகவும் அறிவிக்கப்படுகிறது.

பிற்காலத்தில் கலீபா மன்ஸூர், முவத்தாவைப் பிரதியெடுத்து எல்லா ஊர்களுக்கும் அனுப்பி, இதன்படியே நடக்க வேண்டும் என்று கட்டளையிட விரும்பினார். சில அறிவிப்புகளில் ஹாரூன் ரஷீத் என்றும் வருகிறது. ஒரு நூலாசிரியருக்கு இதைவிட என்ன வேண்டும்? இமாம் வேண்டாம் என்றார்கள். ஸஹாபாக்கள் பல ஊர்களுக்குப் பிரிந்து போனார்கள், ஒவ்வொரு ஊராரும் தங்களுக்குக் கிடைத்த இல்மைப் பின்பற்றுகிறார்கள், அவர்களை விட்டுவிடுங்கள் என்பதே அவர்களின் வாதம்.

இலங்கையில் நம்மில் பெரும்பாலோர் தலைமுறை தலைமுறையாகப் பின்பற்றி வரும் ஷாபிஈ மத்ஹபின் இமாம், இதே மாலிக்கின் மாணவர். இளம் வயதிலேயே முவத்தாவை மனனம் செய்துகொண்டு மதீனாவுக்கு வந்தவர். பின்னர் பல விடயங்களில் தன் உஸ்தாதுக்கு மாற்றமான கருத்தைச் சொன்னார். எகிப்துக்குப் போன பிறகு தன்னுடைய பழைய தீர்ப்புகள் பலவற்றையும் தானே மாற்றினார். நமது மத்ரஸாக்களில் கதீம், ஜதீத் என்று ஓதுவது இதைத்தான். நாமோ பிறை விடயத்திலும் கூட்டு துஆ விடயத்திலும் ஒரு பள்ளிவாசலை இரண்டாக்கி, இருபது வருடத்துக்கு முன்பு சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டோம் என்று நிற்கிறோம்.

இமாம் மாலிக்கின் கடைசி நோயின்போது மாணவர் கஃனபீ பார்க்கப் போனார். இமாம் அழுதுகொண்டிருந்தார்கள். ஏன் என்று கேட்டார். என் சொந்த அபிப்பிராயத்தைக் கொண்டு நான் கொடுத்த ஒவ்வொரு தீர்ப்புக்கும் ஒரு கசையடி வாங்கியிருக்கக் கூடாதா, அந்தத் தீர்ப்புகளைச் சொல்லாமலே இருந்திருக்கலாமே என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். கசையடி எப்படி இருக்கும் என்று தெரிந்த மனிதர். சில நாட்களில் வபாத்தாகி, மதீனாவின் பகீஃ மையவாடியில் அடக்கம் செய்யப்பட்டார்கள். இந்தக் கஃனபீ, முவத்தாவை நமக்கு அறிவித்துத் தந்தவர்களில் ஒருவர்.