வெறி காணாது எண்டு சொல்லுறவைக்கு

"பெடியன் கெட்டிக்காரன்தான், ஆனா வெறி காணாது." இந்த வசனத்தை ஒருதரமாவது கேட்காமல் யாழ்ப்பாணத்தில் ஆரும் ஏ.எல். முடித்திருக்க மாட்டார்கள். போன ஆனியில் விம்பிள்டன் நடந்த நேரம், கன்ரீனில் ஒரு போனைச் சுற்றி இருந்து மட்ச் பார்த்த எங்களுக்குள்ளும் அது வந்து விழுந்தது. தமிழ் ஆக்கள் அரையிறுதிவரை போனவையாம், வெல்லுற வெறி இல்லாததால்தான் பட்டம் கிடைக்கவில்லையாம். சொன்னவன் எங்கட ஆள்தான். அவனுக்கு மறுமொழி தேடப் போய், எங்களுக்கே பிறந்திராத காலத்து ஆட்டங்களுக்குள் போய் நிண்டுவிட்டோம்.

அவன் சொன்ன அரையிறுதி இராமநாதன் கிருஷ்ணனுடையது. தென்காசிக் குடும்பம். 1954இல் விம்பிள்டன் கனிஷ்ட பட்டத்தை வென்றார். இறுதியில் தோற்றவர் அவுஸ்திரேலியாவின் ஆஷ்லி கூப்பர். அதே கூப்பர் 1958இல் பெரியவர்களுக்கான பட்டத்தையே எடுத்தார். கிருஷ்ணன் 1960இலும் 1961இலும் அரையிறுதிக்குப் போனார். 1961 காலிறுதியில் ரொய் எமர்சனை மூன்று நேர் செட்களில் அடித்துவிட்டுத்தான் போனார். ஆனால் அரையிறுதியில் முதல் வருசம் நீல் பிரேசர், அடுத்த வருசம் ரொட் லேவர். இரண்டு பேரும் அந்தந்த வருசமே பட்டத்தையும் வென்றார்கள். ஒரு செட்கூடக் கிருஷ்ணனுக்குக் கிடைக்கவில்லை.

இங்கே வெறியைத் தேடுவதற்கு முதல் தரையைப் பார்க்க வேணும். எங்கட செம்மண்ணில் பந்து குத்தினால் வெயில் காலத்தில் நெஞ்சுவரை எழும்பும், அடிக்கிறதுக்கு ஆறுதலாக நேரம் இருக்கும். புல்லில் அப்பிடி இல்லை. பந்து வழுக்கிக்கொண்டு பதிவாகப் போகும். அதிலும் அந்தக் காலத்து விம்பிள்டன் புல் இப்போதையதைவிட மென்மை. 2001இல்தான் முழுக்க முழுக்க ரை என்ற ஒரே புல் இனத்துக்கு மாற்றி, தரையை இறுக்கமாக்கினார்கள். ஆகவே பெரிய சேர்விஸ் ஒன்றைப் போட்டுவிட்டு வலைக்கு ஓடுகிறவனுக்குத்தான் அந்தத் தரை உதவும். கிருஷ்ணனின் சேர்விஸ் மென்மையானது. அவருடைய பலம் கையில் இருந்தது: எதிராளியின் வேகத்தையே கடன் வாங்கி, அவன் நிற்காத இடத்தில் பந்தை வைப்பது. பிரேசரும் லேவரும் இடக்கையர்கள் வேறு. இடக்கையனின் வெட்டுச் சேர்விஸ் புல்லில் விழுந்தால் வலக்கையனை மைதானத்துக்கு வெளியே இழுத்துக்கொண்டு போகும். திறமை குறைவு எண்டோ, மனம் இல்லை எண்டோ இதைச் சொல்ல எங்களால் முடியவில்லை.

வெறி பற்றித்தான் கதைக்க வேணும் எண்டால் 1966ஐக் கதைப்போம். டேவிஸ் கிண்ணத்தில் இந்தியாவும் பிரேசிலும், கல்கத்தா சவுத் கிளப்பின் புற்தரையில். ஆட்டங்கள் 2-2. கடைசி ஆட்டத்தில் கிருஷ்ணனுக்கு எதிரே தோமஸ் கோக். (இவரும் இடக்கையர்தான், என்ன செய்ய.) கோக் இரண்டு செட்டுக்கு ஒன்று முன்னிலை, நான்காவது செட்டில் 5-2. இன்னும் ஒரே ஒரு கேம். அங்கிருந்து கிருஷ்ணன் அந்தச் செட்டை 7-5 என்று எடுத்து, அடுத்ததை 6-2 என்று முடித்தார். இந்தியா முதல்தரமாக இறுதிக்குப் போனது. மெல்பேர்னில் அவுஸ்திரேலியாவிடம் 4-1 என்று தோற்றாலும், அந்த ஒன்றும் சும்மா வந்ததில்லை. கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் இரட்டையரில் நியூகொம்ப், ரோச் சோடியை அடித்து எடுத்தது.

சென்னையின் விஜய் அமிர்தராஜுக்கும் இதே பட்டம்தான் சூட்டப்படுகிறது: அழகாக ஆடுவார், முடிக்க மாட்டார். 1973இல் 19 வயதில் விம்பிள்டன் காலிறுதியில் யான் கோடெசிடம் ஐந்து செட்டில் தோற்றார், கடைசிச் செட் 7-5. கோடெஸ்தான் அந்த வருச சம்பியன். 1981 காலிறுதியில் ஜிம்மி கொனர்சுக்கு எதிராக முதல் இரண்டு செட்டையும் எடுத்துவிட்டு, மிச்ச மூன்றையும் விட்டுவிட்டார். "பார்த்தியா, இதைத்தான் சொன்னனான்" எண்டு எங்கட நண்பன் துள்ளினான்.

ஆனால் அதே கிழமை அரையிறுதியில் நடந்ததைப் பாருங்கள். கொனர்ஸ் பியோன் போர்க்குக்கு எதிராக முதல் செட்டை 6-0 எண்டு எடுத்தார், இரண்டாவதை 6-4. பிறகு மூன்று செட்டையும் இழந்து தோற்றார். விஜய்க்கு நடந்தது அப்பிடியே அவருக்கும் நடந்தது. கொனர்சுக்கு வெறி காணாது எண்டு உலகத்தில் ஒருத்தரும் சொன்னதில்லை. அதைப் பெரிய ஆட்டம் எண்டுதான் சொல்லுகினம். ஒரே மாதிரித் தோல்வி. ஒருத்தருக்கு அது குணக்குறை, மற்றவருக்கு ஆட்டத்தின் தரம். போர்க் எப்பிடி விளையாடினார் எண்டு பார்க்கிற நாங்கள், கொனர்ஸ் விஜய்க்கு எதிராக எப்பிடித் திரும்பி வந்தார் எண்டு பார்க்கிறதில்லை.

இன்னொன்று. அந்த ஆட்டம் நடந்தபோது யாழ் நூலகம் எரிக்கப்பட்டு ஒரு மாதம். ஈழநாடு அலுவலகத்தையும் அந்த நாட்களில்தான் எரித்தார்கள். சென்னைப் பெடியன் ஒருவன் லண்டனில் கொனர்சுக்கு எதிராக இரண்டு செட் முன்னால் நிண்டதை அந்த நேரம் இங்கே ஆர் கவனித்திருப்பினம் எண்டு யோசிக்கவே ஒரு மாதிரி இருந்தது.

கிருஷ்ணனின் மகன் ரமேஷுக்கும் தகப்பனைப் போலவே மென்மையான சேர்விஸ், அதே கை. 1979இல் அவரும் விம்பிள்டன் கனிஷ்ட பட்டத்தை வென்றார். 1987 டேவிஸ் கிண்ண அரையிறுதியில் சிட்னிப் புல்லில், 2-2 எண்டு நிண்ட இடத்தில், வொலி மசூரை நேர் செட்களில் அடித்து இந்தியாவை இறுதிக்குக் கொண்டு போனார். இறுதி சுவீடனில். தரையைத் தெரிவு செய்வது சொந்த நாட்டின் உரிமை. சுவீடன்காரர் கோதன்பேர்க்கில் கூரைக்குக் கீழே களிமண் போட்டார்கள். 5-0. அந்த இரண்டு மாதத்துக்குள் ரமேஷின் வெறி எங்கேயும் போயிருக்காது.

இவ்வளவும் சொன்ன பிறகும் நாங்கள் ஒத்துப்போகாத இடம் ஒன்று இருக்கு. 1959இல் அமெரிக்காவின் ஜாக் கிரேமர் தன்னுடைய தொழில்முறைக் குழுவுக்குக் கிருஷ்ணனைக் கேட்டார். பெரிய தொகை. அந்த நாளில் காசுக்கு ஆடினால் விம்பிள்டனும் இல்லை, டேவிஸ் கிண்ணமும் இல்லை. 1968இல்தான் அந்தக் கதவு திறந்தது. லேவர் 1962 முடியத் தொழில்முறைக்குப் போனார். கிருஷ்ணன் மாட்டேன் எண்டுவிட்டார். போயிருந்தால் 1961 அரையிறுதியும் இல்லை, கல்கத்தாவும் இல்லை. போகாததால் உலகின் மிகச் சிறந்தவர்களோடு ஒவ்வொரு இரவும் ஆடிப் பழகும் வாய்ப்பும் இல்லை.

எங்களில் மூன்று பேருக்கு அதுதான் வெறி. நண்பன் மட்டும் இன்னும் விடவில்லை. "வீட்டில கடன் இருக்கிறவனிட்டக் கேட்டுப் பாருங்கோ, அந்தக் காசை வேண்டாம் எண்டுவானோ எண்டு" என்கிறான். அவன் வீட்டுக் கதை எங்களுக்குத் தெரியும் என்பதால் அதுக்கு மேல் ஒருத்தரும் கதைக்கவில்லை.