கரண்டு வைப்பதை ஏன் பல நாள் இழுக்கிறார்கள்?



போன மாதம் பக்கத்து வீட்டு நண்பர் கேட்டார்: "சார், வீட்டுக்காரிக்குத் தொண்டையில கரண்டு வைக்கணும்னு சொல்லிட்டாங்க. வெச்சா சில நிமிஷம்தானாம். ஆனா ஏழு வாரம் வரணுமாம். எல்லாத்தையும் சேர்த்து ஒரே நாள்ல வெச்சா என்ன?"

நியாயமான கேள்விதான். நூறு வருஷத்துக்கு முன் டாக்டர்களும் இதையேதான் கேட்டார்கள்.

1895 நவம்பரில் ஜெர்மனியில் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். அடுத்த வருஷமே டாக்டர்கள் அதைப் புற்றுநோய்க் கட்டிகளில் பாய்ச்சிப் பார்த்தார்கள். 1898-ல் கியூரி தம்பதி ரேடியத்தைக் கண்டுபிடித்தார்கள். ரேடியம் இருந்த சிறு குழாயைச் சட்டைப் பையில் வைத்திருந்த விஞ்ஞானி பெக்கரலுக்கு அந்த இடத்தில் தோல் புண்ணானது. தோலைப் புண்ணாக்குகிற பொருள் கட்டியையும் அழிக்கும் என்ற எண்ணம் வலுத்தது.

ஆனால் அளவு தெரியவில்லை. எடிசனிடம் வேலை பார்த்த கிளாரன்ஸ் டாலி, எக்ஸ்ரே குழாய்களைத் தன் கையை வைத்தே சோதித்தார். கைகளில் புற்று வந்து, அவற்றை வெட்டி எடுத்தும் பயனில்லாமல் 1904-ல் இறந்தார். நோயாளிகளுக்கும் ஒரே தடவையில் அதிகமாகக் கொடுத்ததில் கட்டி கரையும். கூடவே தோலும் வெந்துபோகும்.

வழி காட்டியவர் பாரிஸ் ரேடியம் நிலையத்தில் இருந்த கிளாடியஸ் ரெகோ. ஆட்டுக்கிடாயின் விதைகளில் கதிரைச் செலுத்திப் பார்த்தார். மொத்தமாக ஒரே தடவையில் கொடுத்தால், விந்து உற்பத்தி நிற்பதற்குள் தோல் கெட்டுவிட்டது. பல நாளாகப் பிரித்துக் கொடுத்தபோது உற்பத்தி நின்றது, தோலும் பிழைத்தது. அவருடன் இருந்த ஹென்றி கூட்டார்ட் 1920-களில் இதே முறையில் தொண்டைப் புற்றுக்குச் சிகிச்சை செய்தார். குணமானவர்களைக் கண்டு டாக்டர் உலகம் வியந்தது.

காரணம் இதுதான். கதிர் பட்டதும் நல்ல செல்லும் அடிபடுகிறது, புற்று செல்லும் அடிபடுகிறது. மறுநாளைக்குள் நல்ல செல் பெரும்பாலும் தன்னைச் சரிசெய்துகொள்ளும். புற்று செல்லுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. தினம் தினம் கொஞ்சம் கொஞ்சமாக அதுதான் தோற்கும். நடுவில் நிறுத்திவிட்டால் மிச்சம் இருப்பது மறுபடி பெருகும்.

பிறகு கோபால்ட் இயந்திரம் வந்தது. அதன் கதிர் தோலில் தங்காமல் ஆழமாகப் போகும். 1951 அக்டோபரில் கனடாவில் முதல் நோயாளிக்குச் சிகிச்சை நடந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அரும்பாடுபட்டு உருவாக்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-ல் பன்னிரண்டு படுக்கைகளுடன் தொடங்கியது. சில வருஷங்களிலேயே அங்கும் கோபால்ட் இயந்திரம் வந்துவிட்டது.

என் பெரியம்மா 1971-ல் கர்ப்பப்பைப் புற்றுக்காகக் கிராமத்திலிருந்து சென்னைக்கு வந்து கரண்டு வைத்துக்கொண்டார். பன்னிரண்டாம் நாள் உதிரப்போக்கு நின்றுவிட்டது. "அதான் நல்லாயிட்டேனே, அறுப்பு நேரம், வீட்டில் ஆளில்லை" என்று ஊருக்குக் கிளம்பிவிட்டார். பஸ் ஏற்றிவிட்டவன் நான்தான். எனக்கும் ஒன்றும் தெரியாது. அடுத்த வருஷம் பெரியம்மா இல்லை.

நண்பரிடம் இதைச் சொன்னேன். தெரிந்த மற்றதையும் சொன்னேன். முதலில் ஸ்கேன் எடுத்துத் திட்டம் போடுவார்கள். தலை, கழுத்து அசையாமல் இருக்க முகத்துக்கு வலைபோல ஒரு மூடி செய்வார்கள். உடம்பில் மையால் குறி போட்டால் அதை அழிக்கக்கூடாது. அறையில் தனியாகத்தான் படுக்க வேண்டும். ஆனால் வெளியிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பார்கள், பேசினால் கேட்கும். கரண்டு என்று பெயரே தவிர ஷாக் அடிக்காது, வலிக்காது. வாரத்தில் ஐந்து நாள், பெரும்பாலும் சனி ஞாயிறு லீவு. இரண்டு, மூன்று வாரம் போனதும் அசதி வரும், அந்த இடத்துத் தோல் கறுக்கும். தொண்டை என்றால் வாய்ப்புண் வரும், விழுங்கச் சிரமப்படும். எதையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். இப்படி வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர் உடம்பில் தங்காது. பேரப்பிள்ளைகளைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளலாம்.

எல்லோருக்கும் ஏழு வாரம் இல்லை; சிலருக்குச் சில நாளிலேயே முடிந்துவிடும். அது டாக்டர் போடும் கணக்கு. அந்தக் கணக்கை நாமாகக் குறைக்கக்கூடாது, அவ்வளவுதான்.

நண்பரின் மனைவிக்கு நேற்றோடு பத்தொன்பது நாள் முடிந்தது. கஞ்சிதான் இறங்குகிறதாம். "மிச்சத்தையும் முடிச்சுட்டுத்தான் சார் ஓய்வு" என்றார் அந்த அம்மா.