பெருக்க மரமும் பேணுதலின் வரலாறும்

மன்னார்த் தீவின் கீரி, பள்ளிமுனை முதலிய கரையோர ஊர்கள் மணலும் உவரும் வறட்சியும் மிக்கவை. பனையும் உடையும் வளரும் இந்நிலத்தில், ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட மரமொன்றும் வேரூன்றி நிற்கின்றது. மக்கள் அதனைப் பெருக்க மரம் என்பர். 1749 முதல் 1753 வரை செனகலில் தாவர ஆராய்ச்சி நிகழ்த்திய பிரெஞ்சு அறிஞர் அடன்சனின் நினைவாக, அடன்சோனியா என்பது இதன் அறிவியற் பெயராயிற்று.

பள்ளிமுனையிலுள்ள மரம் இவற்றுட் புகழ்பெற்றது. அதன் சுற்றளவு 19.51 மீற்றர், உயரமோ 7.5 மீற்றர் மாத்திரமே. அராபிய வணிகர் 1477 இல் அதனை நாட்டினர் என அங்குள்ள அறிவிப்புப் பலகை கூறும். ஒட்டகங்களுக்குத் தழை வேண்டியே அவர்கள் இம்மரத்தைக் கொணர்ந்தனர் என்பது செவிவழிச் செய்தி. முத்துக்குளிப்பால் அராபியரை ஈர்த்த கரையாதலின் இம்மரபு பொருத்தமுடையதே. ஆயினும் நாட்டியவர் பெயரோ, பேணியவர் பெயரோ எஞ்சவில்லை. இம்மரத்தின் உட்பகுதி காலப்போக்கிற் பொந்தாகிவிடுவதால், வளையங்களை எண்ணி வயதைத் துணிதலும் எளிதன்று. எனவே மரத்தின் வரலாறு அதனைச் சூழ வாழ்ந்த மக்களின் நினைவையே சார்ந்து நிற்கின்றது.

உயரம் குன்றி அடி பருத்த இத்தோற்றம், யப்பானியர் தொட்டிகளிற் பேணும் பொன்சாய் மரங்களை நினைவூட்டுவது. சீனத்திலிருந்து யப்பானுக்குச் சென்ற இக்கலையில், கிளை நறுக்கி, வேர் கத்தரித்து, நாள்தோறும் நீர் வார்த்து, ஒரே மரத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பர். ஹிரோஷிமாவில் யமாக்கி குடும்பத்தினர் பேணிய வெண்பைன் மரமொன்று 1625 முதல் இவ்வாறு வளர்க்கப்பட்டது. 1945 ஓகஸ்ட் 6 இல் அணுகுண்டு வீழ்ந்தபோது, அவ்விடத்திலிருந்து ஏறத்தாழ 3 கிலோமீற்றர் தொலைவில் மதிலொன்றின் மறைவில் நின்றமையால் அது தப்பிற்று. 1976 இல் ஐக்கிய அமெரிக்காவுக்கு அன்பளிப்பாக வழங்கப்பட்டது. ஆயின் 2001 இல் அக்குடும்பத்துப் பேரர் இருவர் வாசிங்டனுக்கு வந்து கூறிய பின்னரே, அது குண்டுவீச்சிற்குத் தப்பிய மரம் என்பதை அங்குள்ள காப்பாளர் அறிந்தனர். மரத்தை உயிருடன் காத்தல் ஒன்று. அதன் கதையைக் காத்தல் பிறிதொன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பெருக்க மரத்தையும் இன்று பொன்சாயாக வளர்ப்போர் உளர். விதையின் வன்மையான தோலை உராய்ந்தோ வெந்நீரில் ஊறவைத்தோ முளைக்கச் செய்து, நீர் தங்காத மணற்பாங்கான கலவையில் நடுவர். தளிர்க்குங் காலத்தில் நீர் வார்த்து, இலையுதிர்ந்ததும் நிறுத்திவிடுவர். அக்காலத்தில் மிகுதியாக நீர் ஊற்றின் வேர் அழுகும். மென்மையான தண்டினுள் மரமே நீரைச் சேமித்துக்கொள்வதால், ஊற்றாதிருத்தலும் இங்குப் பேணுதலாகின்றது.

இவ்வியல்பே மன்னார் மரங்களை மனிதரின் துன்பக் காலங்களிலும் வாழவைத்தது எனலாம். 1560 இற் போர்த்துக்கேயரும், 1658 இல் ஒல்லாந்தரும், 1795 இல் ஆங்கிலேயரும் இத்தீவைக் கைப்பற்றினர். இவ்வாட்சி மாற்றங்களினும் கொடிய பிரிவு 1990 இல் நேர்ந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களைத் தமிழீழ விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். அராபிய வணிகத் தொடர்பின் நினைவைத் தம் மரபிற் பேணிவந்த மன்னார் முஸ்லிம்கள் வீடு வாசல்களைத் துறந்து புத்தளம், கற்பிட்டி நோக்கிச் செல்ல நேர்ந்தது. அதே ஆண்டிற் போருக்கு அஞ்சித் தமிழருட் பலர் மடுவிலும், கடல் கடந்து தமிழகத்திலும் தஞ்சமடைந்தனர். நாள்தோறும் நீர் வேண்டும் தொட்டி மரமாயின் அவ்வாண்டிலேயே பட்டுப்போயிருக்கும். பெருக்க மரம் பட்டுப்போகவில்லை. ஆயின் அதன் நிழலிற் கதை கேட்டு வளர்ந்திருக்க வேண்டிய ஒரு தலைமுறை, முகாம்களில் வளர்ந்தது.

போர் 2009 இல் முடிவுற்றது. மீண்டோர் சிலர், மீளாதோர் பலர். பருத்த பழைய மரத்தைக் காண வருவோர், அது தானே தன்னைக் காத்துக்கொள்ளும் எனக் கருதல் இயல்பு. இளங்கன்றுக்கு அவ்வலிமை இல்லை. ஆடும் மாடும் கழுதையும் உலவும் தீவில் அதற்கு வேலி வேண்டும். அவ்வாறே மரத்தின் நினைவுக்கும் காவல் வேண்டும். மன்னாரிலும் புத்தளத்திலும் தமிழகத்திலும் வாழும் முதியோரிடம் இம்மரங்களைப் பற்றிக் கேட்டு எழுதிவைத்தல் வரலாற்று மாணவர் மேற்கொள்ளத்தக்க பணியாகும். பலகையிற் பொறித்த ஆண்டு ஒன்று மாத்திரம் எஞ்சுமாயின், மரம் வாழ்ந்தும் அதன் வரலாறு அழிந்ததாகவே முடியும்.