கடல்நிறக் கல் போன வழி

திருப்பூரிலிருந்து காங்கேயம் போகிற சாலையில் படியூர் வரும். அவிநாசிப் பக்கத்துச் சேவூர்க்காரர் ஒருவர் காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். அந்த மண்ணுக்கடியில், பாறை நரம்புகளுக்குள், கடல்நீரின் நிறத்தில் ஒரு கல் விளைந்தது. பெரில் என்பார்கள். ஆறு பட்டையாகவே வளர்கிற படிகம் அது. 1819–20இல் ஹீத் என்ற வெள்ளைக்காரர் அங்கே சுரங்கம் தோண்டி 2,196 கற்கள் எடுத்ததாகக் கம்பெனிக் காலக் கணக்கு சொல்கிறது. அவர் தோண்ட வருவதற்கு ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன்பே கொங்குக் கல் கடல் கடந்துவிட்டது.

கல்லின் முதல் பயணம் கிட்டத்தில்தான் முடிந்தது. நொய்யலின் வடகரையில், சென்னிமலைக்கு அருகே கொடுமணல். பதிற்றுப்பத்தின் 67, 74ஆம் பாடல்கள் கொடுமணம் என்று சொல்லும் ஊர் அதுவே என்பது ஆய்வாளர்கள் கருத்து. 1985இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே அகழ்வைத் தொடங்கியது. எ. சுப்பராயலு, கா. ராஜன் முதலானோர் ஈடுபட்ட அந்த ஆய்வில் இரும்பு உருக்கிய உலைகளும், ஆட்பெயர் கீறிய தமிழி எழுத்துப் பானை ஓடுகளும் கிடைத்தன. கல்வேலை நடந்த இடமும் தெரியவந்தது. பெரில், சூதுபவளம், படிகம், செவ்வந்திக்கல் என்று பலவகைக் கற்கள். உடைக்காத கட்டி, பாதி தேய்த்த மணி, துளையிடும்போது பிளந்து வீசப்பட்டது, பளபளப்பு ஏறி முடிந்தது என எல்லாப் படிநிலையிலும் அவை கிடந்தன. ஆகவே கொடுமணல், கல் கைமாறிப் போன சந்தை மட்டுமல்ல. கல்லின் குணத்தைச் சோதித்துச் சோதித்து அறிந்த பட்டறை.

அந்த அறிவு லேசானதல்ல. பெரில் படிகக்கல்லைவிடக் கடினமானது. அதில் துளையிட அதைவிட வலிய பொருள் வேண்டும். அழுத்தம் சற்றுக் கூடினாலும் பல நாள் உழைப்பு இரண்டாகப் பிளக்கும். எந்தப் பட்டையில் தேய்த்தால் நிறம் எழும், எங்கே கை வைக்கக் கூடாது என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாய்ச் சேர்ந்த ஆராய்ச்சி. எழுதிவைக்காததால் அதை ஆராய்ச்சி என்று நாம் அழைப்பதில்லை.

கொங்குநாட்டிலிருந்து மேற்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பாதை சேரநாட்டு முசிறிக்குப் போனது. வழியில் வெள்ளலூரிலும், தெற்கே உடுமலைப் பக்கம் பூதிநத்தத்திலும் புதையலாகக் கிடைத்த ரோம வெள்ளிக்காசுகள் அந்த வணிகத்தின் மிச்சம். முசிறியில் ஏறிய சரக்கு பருவக்காற்றின் துணையில் செங்கடல் துறைமுகங்களை அடைந்தது. அங்கிருந்து ஒட்டக முதுகில் பாலைவனம் கடந்து, நைல் நதிப் படகில் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்து, பிறகு ரோமுக்குப் போனது. செங்கடல் கரையிலுள்ள பெரனிகேயில் தமிழ்ப் பெயர் பொறித்த பானை ஓடு கிடைத்திருக்கிறது. சரக்கோடு நம் ஆட்களும் போயிருக்கிறார்கள்.

ரோமில் பெரில் என்றாலே இந்தியக் கல். மூத்த பிளினி கி.பி. 77 வாக்கில் எழுதிய இயற்கை வரலாற்றின் 37ஆம் நூலில், அது வேறெங்கும் அரிதாகவே கிடைக்கிறது என்கிறார். கடல்பச்சை நிறத்தது உயர்ந்தது. மங்கலான நிறம், ஆறு பட்டை தீட்டினால் ஒளிபெறும். இந்தியர்கள் நீண்ட பெரில்களை விரும்பி, துளையிட்டு யானைமயிரில் கோக்கிறார்கள். குறையற்ற கல்லைத் துளைக்காமல் விடுகிறார்கள். நம் கைவினைஞர்களின் ரசனை இப்படித்தான் ஒரு லத்தீன் நூலில் ஏறியது. இரும்பில் பதித்த வைரச் சில்லுகளால் செதுக்குநர்கள் கடினமான கற்களைக் குடைந்தார்கள் என்றும் அவர் எழுதுகிறார். வைரமும் அன்று இந்தியாவிலிருந்து போனதே.

அந்த நூற்றாண்டின் இறுதியில் எவோதோஸ் என்ற கிரேக்கக் கலைஞர் ஒரு கடல்நிறப் பெரிலில் பேரரசர் டைட்டஸின் மகள் ஜூலியாவின் முகத்தைக் குடைந்து, தன் பெயரையும் பொறித்தார். இடைக்காலத்தில் அது பாரிஸ் அருகே செயின்ட் டெனிஸ் மடத்தின் பொற்பேழை உச்சியில் அமர்ந்தது. அரசகுமாரி முகத்தை மக்கள் மாதாவின் முகமாக வணங்கினார்கள். பிரெஞ்சுப் புரட்சியில் பேழை அழிந்தது, கல் தப்பியது. இன்று அது பிரான்சு தேசிய நூலகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

எதிர்த்திசையிலும் கலை வந்தது. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில், ரோமக் காதல் தெய்வமான கியூபிட்டும் ஒரு பறவையும் செதுக்கிய படிகக்கல் கிடைத்தது. இரு கரைகளும் ஒன்றிடம் ஒன்று கற்றன.

எவோதோஸின் பெயர் கல்லிலேயே நிற்கிறது. பெரிலின் நிறத்தை எழுப்பக் கற்றவர்கள், அதை வழியனுப்பியவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. எல்லை கடந்த கூட்டுப் படைப்பில் கடைசியாகக் கைவைத்தவரே கலைஞர், முன்னால் உழைத்தவர்கள் சரக்கு கொடுத்தவர்கள் என்ற கணக்கு எனக்கு ஒப்பாது. அவிநாசியிலும் சேவூரிலும் பின்னலாடை வேலைபார்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். நூல் எப்படி இழுக்கும், சாயம் எப்படி ஏறும் என்று அறிந்த கை திருப்பூர்ச் சீமையில் இருக்கிறது; கழுத்துப்பட்டியில் தைக்கிற பெயர் வெளிநாட்டு நிறுவனத்துடையது.

கல்லுக்குள் கலந்திருக்கும் நுண்தனிமங்களை ஒப்பிட்டு அது பிறந்த சுரங்கத்தைத் தேடும் முறை இன்று இருக்கிறது. படியூர்க் கல்லையும் ஐரோப்பிய அருங்காட்சியகங்களின் பெரில்களையும் இரு நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து சோதிக்க வேண்டும். அந்த மேசையில் கல் தேய்க்கத் தெரிந்த காங்கேயத்துப் பட்டறைக்காரருக்கும் ஓர் இருக்கை வேண்டும். துளை எப்படி விழுந்தது என்பதை அவர் கையே விளக்கும். ஆய்வறிக்கையில் அவர் பெயரும் ஆசிரியராக அச்சாக வேண்டும்.