குல்லாச்: ரோஜா மணக்கும் ரமளான் இனிப்பு

ரமளான் நெருங்கியதும் துருக்கி நாட்டுக் கடைகளில் வெண்ணிற மெல்லிய வட்டத் தகடுகள் அடுக்கி வைக்கப்படும். பார்வைக்குக் காகிதம் போன்றும், தொட்டால் நொறுங்குவனவாயும் இருக்கும் இவற்றைக் கொண்டே ‘குல்லாச்’ என்னும் பால் இனிப்பு தயாராகிறது. பாரசீகத்தில் ‘குல்’ என்றால் ரோஜா. நாம் அறிந்த ‘குலாப்’ என்பதன் முற்பாதியும் அதுவே. எனவே ‘ரோஜா உணவு’ என்பதே இப்பெயரின் பொருள் எனத் துருக்கியர் கூறுவர்.

இதன் வேரைத் தேடினால் நாம் இஸ்தான்பூலின் அரண்மனையோடு நின்றுவிட முடியாது. சீனாவை மங்கோலியர் ஆண்ட யுவான் காலத்தில் (1271–1368) தொகுக்கப்பட்ட ‘ஜூஜியா பியோங்’ என்னும் இல்லறக் களஞ்சியத்தில் முஸ்லிம்களின் உணவுகளுக்கெனத் தனிப்பகுதி உண்டு. ஹல்வா, ஹரீசா ஆகியவற்றோடு ‘குலாச்சி’ என்றொரு பண்டமும் அதில் இடம்பெற்றுள்ளது. முட்டையின் வெண்கரு, பயற்று மாவு, தயிர் ஆகியவற்றைக் கலந்து மெல்லிய அடைகளாகச் சுட வேண்டும். அவற்றினிடையே சர்க்கரைத் தூள், பைன் விதை, அக்ரூட் பருப்பு ஆகியவற்றைத் தூவி, மூன்று நான்கு அடுக்குகளாக்கித் தேன் ஊற்ற வேண்டும். பொருள்கள் வேறாயினும், அடுக்கும் முறையும் பெயரும் இன்றைய குல்லாச்சை நினைவூட்டுகின்றன. வணிகர்களும் அறிஞர்களும் சமையற்காரர்களும் சென்ற வழியெல்லாம் உணவும் உடன்சென்றதற்கு இது ஒரு சான்று.

உஸ்மானியரிடம் இவ்வினிப்பு பால் மணம் பெற்றது. மாச்சத்தையும் சிறிது கோதுமை மாவையும் நீரில் கரைத்து, சூடான தட்டில் மெல்லியதாக ஊற்றித் தகடாக்கி உலர்த்துவர். ஈரம் படாமல் வைத்தால் அவை பல மாதங்கள் கெடாது. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் இது பெரும் வசதி. இஃப்தாருக்கு முன் சர்க்கரை கலந்த வெதுவெதுப்பான பாலைத் தகடு தகடாக ஊற்றி, நடுவே அக்ரூட் தூவி, பன்னீர் தெளித்து, மாதுளை முத்துகளால் அலங்கரிப்பர். பால் கொதித்தால் தகடு கூழாகிவிடும். மிகக் குளிர்ந்தால் ஊறாது. எண்ணெயில் பொரிப்பதில்லை, நெய்யும் இல்லை. நாளெல்லாம் வெறுமையாயிருந்த வயிற்றுக்கு இது பாரமாகாது.

உஸ்மானிய அரசு ரமளான் 15ஆம் நாளில் ஜானிசரிப் படையினருக்குத் தட்டுத் தட்டாகப் பக்லாவா வழங்கி, ஊர்வலமாக அனுப்பும் வழக்கமும் இருந்தது. 1826இல் அப்படை கலைக்கப்பட்டதும் ஊர்வலமும் மறைந்தது. ஆனால் எந்த அரசாணையும் இன்றி, தாய்மார்களின் கைவழியே குல்லாச் இன்றும் தொடர்கிறது.

ஒரு சமுதாயத்தின் வரலாறு கோட்டைகளிலும் கல்வெட்டுகளிலும் மட்டும் இருப்பதில்லை, அடுக்களையிலும் இருக்கிறது. நம் வீட்டுப் பெரியவர்கள் நோன்புக்கெனச் செய்து தந்த பண்டங்களின் பெயரையும் பக்குவத்தையும் அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்போமாக. விரயத்தை மார்க்கம் விலக்கியிருப்பதால், எளிமையாய் நிறைவு தரும் இத்தகைய உணவுகளே நோன்பு துறக்கும் வேளைக்கு அழகு.