ரப்பர் நிழலில் ஒரு போர் – 4
தாபே, துவான்!

பேராக்கின் சுங்கை சிப்புட் வட்டாரத்து எல்பில் தோட்டத்தில் பெரட்டு முடிந்து பால்வெட்டுக்காரர்கள் நிரைக்குப் போய்விட்டிருந்தார்கள். 1948 ஜூன் 16, காலை எட்டரை மணி வாக்கில், சைக்கிளில் வந்த மூன்று சீன இளைஞர்கள் ஆபீஸ் வாசலில் இறங்கினார்கள்.

"தாபே, துவான்!"

துரை ஆர்தர் வாக்கர் பதில் வணக்கம் சொன்னது பக்கத்து அறைக் கிராணியின் காதில் விழுந்தது. அடுத்து விழுந்தது வெடிச்சத்தம்.

அரை மணி நேரத்துக்குள் அதே சுங்கை சிப்புட் வட்டாரத்தின் இன்னொரு தோட்டத்தில் ஜான் அலிசனும், 21 வயது இயன் கிறிஸ்டியனும் கட்டிப்போட்டுச் சுடப்பட்டார்கள். கிறிஸ்டியன் வேலை பழக வந்த பிள்ளை. 18ஆம் தேதிக்குள் மலாயா முழுவதும் அவசரநிலை.

உத்தரவு யாருடையது? மலாயா கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமைச் செயலாளர் சின் பெங் இதே பேராக்கின் சித்தியவானில் பிறந்தவர்; அப்போது அவருக்கு வயது 23. மத்தியக் குழு இதற்குக் கட்டளையிடவில்லை என்று பிற்காலத்தில் எழுதினார். நான் அதை நம்புகிறேன். காட்டுக்குள் கடிதம் ஆள்மாற்றி ஆள் நடந்தே போக வேண்டும். அதற்குள் கிளைக்குழு தன் முடிவைத் தானே எடுத்துவிடும். ஒரு தலைவரைப் பிடித்துவிட்டால் ஓய்ந்துபோகிற அமைப்பல்ல அது.

அதன் உயிர் அரிசிப் பையில் இருந்தது. ஆயுதம் ஏந்தியவர்கள் சில ஆயிரம் பேர்தான். காட்டோரக் குடிசைகளிலிருந்து அவர்களுக்கு அரிசி, உப்பு, மருந்து, போலீஸ் நடமாட்டம் பற்றிய தகவல் எல்லாம் கொண்டு சேர்த்தது 'மின் யுவென்' என்ற ஊர் வலை. கொள்கைக்காகக் கொடுத்தவர்கள் உண்டு. உறவுக்காகக் கொடுத்தவர்களும் உண்டு. நள்ளிரவில் கதவைத் தட்டிய துப்பாக்கிக்குப் பயந்து கொடுத்தவளை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அந்தக் கணக்கை அரசு அப்போது போடவே இல்லை. விசாரணையின்றிப் பிடித்து அடைத்தார்கள், குடிசைகளைக் கொளுத்தினார்கள். அந்த டிசம்பரில் சிலாங்கூரின் பத்தாங் காலியில் ஆயுதமில்லாத 24 பேரைப் பிரிட்டிஷ் படையினர் சுட்டுக் கொன்றார்கள். வலையையும் ஊரையும் பிரித்தெடுக்கும் திட்டத்தோடு பிரிட்டிஷ் ஜெனரல் ஹெரால்டு பிரிக்ஸ் வந்து சேர 1950 ஆகிவிட்டது.

நம் லயத்து மக்கள் இதில் எங்கே நின்றார்கள்? துரைகள் சுடப்படுவதற்குச் சில நாள் முன்பே தொழிற்சங்கக் கூட்டமைப்பின் பதிவை அரசு ரத்து செய்திருந்தது. கூலி உயர்வு கேட்டவனும் குண்டு வைத்தவனும் இப்போது ஒரே பட்டியலில். பேராக் தோட்டத் தொழிலாளர்களைத் திரட்டிய ஆர்.ஜி. பாலன் அந்த ஆண்டே தடுப்புக்காவலுக்குப் போனார். வீட்டில் இருந்தால் காவல், காட்டுக்குப் போனால் துப்பாக்கி. நடுவில் நிற்க இடமே விடவில்லை.

1949 மார்ச். ரவாங் அருகே வாட்டர்ஃபால் தோட்டத்தில் ஒரு தமிழரைப் பிடித்தார்கள். கூட்டமைப்பின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி. கையில் ஒரு ரிவால்வர், ஆறு தோட்டா. அவசரச் சட்டப்படி அதற்குத் தூக்கு.

கண்டெடுத்ததைப் போலீஸில் ஒப்படைக்கவே எடுத்துப் போனேன் என்றார் கணபதி. நீதிமன்றம் நம்பவில்லை. செய்தி டெல்லியில் நேருவை எட்டியது. உயிர்ப்பிச்சை கேட்டு லண்டனுக்குக் கோரிக்கை போனது.

புடு சிறையில் கணபதி காத்திருந்தார். மே மாதம் பிறந்தது...

(தொடரும்)